அணு மாதிரிகளை அளந்து பார்த்து நடத்துவது: கோலிக்குண்டு, சிடி, கார்பன் தாள்

அணு எப்படி இருக்கும் என்று விஞ்ஞானிகள் சொன்ன மாதிரிகளைப் பள்ளியில் இப்படித்தான் படிக்கிறோம்: டால்டன் என்றால் கெட்டிப் பந்து, தாம்சன் என்றால் தர்பூசணி, ரூதர்ஃபோர்டு என்றால் சூரியக் குடும்பம், நீல்ஸ் போர் என்றால் வட்டப் பாதை. நான்கு படம், நான்கு பெயர், நான்கு ஆண்டு. மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வந்துவிடும். "தர்பூசணியை ஏன் தூக்கிப் போட்டார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் "அது தப்பு, அதனால்" என்றுதான் பதில் வரும்.

ஒவ்வொரு படமும் ஏதோ ஓர் அளவீட்டுக்குச் சொன்ன விடை. அடுத்து வந்த அளவீட்டுக்கு அந்த விடை பொருந்தாதபோது படம் மாறியது. ஆகவே பலகையில் படத்தை முதலில் வரையாதீர்கள். அளவீட்டை மாணவர் கையால் செய்யட்டும், படம் பிறகு வரட்டும். கீழே உள்ளவை ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நடத்துபவர்களுக்கும் தாமாகவே படிப்பவர்களுக்கும் உதவும். மொத்தம் ஐந்து அல்லது ஆறு பாடவேளை ஆகும்.

தேவையானவை: ஒரே அளவுள்ள கோலிக்குண்டுகள் 10, ஒட்டுப்பலகை அல்லது கெட்டி அட்டை (40 செ.மீ. × 40 செ.மீ.), 2 செ.மீ. கனமுள்ள மரத்துண்டுகள், 60 செ.மீ. நீள மரச்சட்டம் இரண்டு, பழைய பதிவு செய்யும் சிடி ஒன்று, மீட்டர் அளவுகோல், சிஎஃப்எல் பல்பு அல்லது குழல்விளக்கு, கார்பன் தாள், கவராயம், கால்குலேட்டர்.

டால்டன்: சதவீதத்துக்குள் ஒளிந்திருக்கும் முழு எண்

இதற்குக் கால்குலேட்டர் மட்டும் போதும், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நைட்ரஜனின் மூன்று ஆக்ஸைடுகளின் இயைபைப் பலகையில் எழுதுங்கள். முதலாவதில் நைட்ரஜன் 63.6%, ஆக்ஸிஜன் 36.4%. இரண்டாவதில் 46.7%, 53.3%. மூன்றாவதில் 30.4%, 69.6%. இப்படிப் பார்த்தால் எந்த ஒழுங்கும் தெரியாது. இனி ஒவ்வொன்றிலும் 1 கிராம் நைட்ரஜனுக்கு எத்தனை கிராம் ஆக்ஸிஜன் என்று வகுக்கச் சொல்லுங்கள்: 0.572, 1.141, 2.289. மூன்றையும் முதல் எண்ணால் வகுத்தால் ஏறக்குறைய 1, 2, 4.

பொருள் தொடர்ச்சியான மாவு போல இருந்தால் 1.37 என்றோ 2.81 என்றோ எதுவும் வந்திருக்கலாம். முழு எண்ணாகவே வருகிறது என்றால் எண்ணிக்கையில் சேரும் துண்டுகள் இருக்கின்றன என்று பொருள். மான்செஸ்டரில் இருந்த ஜான் டால்டன் 1803இல் அணு எடைகளின் முதல் பட்டியலைத் தம் குறிப்பேட்டில் எழுதினார், 1808இல் நூலாக வெளியிட்டார். டால்டனின் அணு கெட்டிப் பந்தாக இருந்ததற்குக் காரணம், உள்ளே ஏதாவது இருக்கிறது என்று சொல்ல அன்றைக்கு எந்த அளவீடும் இல்லாததே.

வகுப்பில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. எடை விகிதத்திலிருந்து வாய்பாட்டை நேராகக் கண்டுபிடித்துவிடலாம் என்று மாணவர் நினைப்பார்கள். முடியாது. நீரில் 1 கிராம் ஹைட்ரஜனுக்கு 8 கிராம் ஆக்ஸிஜன். ஒரு ஹைட்ரஜன் அணுவுக்கு ஓர் ஆக்ஸிஜன் அணு சேர்ந்தால் ஆக்ஸிஜன் அணுவின் எடை ஹைட்ரஜனைப்போல் 8 மடங்கு, இரண்டுக்கு ஒன்று சேர்ந்தால் 16 மடங்கு. டால்டன் ஒன்றுக்கு ஒன்று என்றே எடுத்துக்கொண்டார். இந்தக் குழப்பம் அவரோடு முடியவில்லை. அவகாட்ரோ 1811இல் சொன்ன கருத்தை (ஒரே வெப்ப, அழுத்த நிலையில் சம பருமனுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமம்) 1860இல் கார்ல்ஸ்ரூ நகரில் நடந்த வேதியியலாளர் மாநாட்டில் கன்னிசாரோ எடுத்து வைத்த பிறகுதான் தெளிந்தது. மாணவரிடம் இரண்டு விடைகளையும் கணக்கிட வைத்து, "எடையை மட்டும் வைத்து எது சரி என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். சொல்ல முடியாமல் திணறுவதுதான் அந்தப் பயிற்சியின் பயன்.

தாம்சன்: வெற்றிடம் நன்றாக இருந்தால்தான் வளையும்

1897இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜே. ஜே. தாம்சன் கேதோடு கதிர்களை (வெற்றிடக் குழாயின் எதிர்மின்முனையிலிருந்து கிளம்பும் கதிர்களை) மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் வளைத்தார். அவருக்கு முன்பே 1883இல் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் மின்புலத்தைக் கொண்டு முயன்றார், கதிர் அசையவில்லை. குழாயில் மிச்சமிருந்த வாயு அயனியாகித் தகடுகளுக்கு இடையே மின்சாரம் கடத்தியது, அதனால் புலம் அடங்கிவிட்டது. தாம்சன் காற்றை இன்னும் நன்றாக வெளியேற்றிய பிறகே கதிர் வளைந்தது. பம்பு நன்றாக வேலை செய்ததால் ஒரு கண்டுபிடிப்பு வந்தது என்பதை மாணவருக்குச் சொல்லாமல் விடாதீர்கள்.

பலகையில் இரண்டு படிகள் போதும். முதல் படி: மின்விசையும் காந்தவிசையும் சமமாகிக் கதிர் நேராகப் போகும்போது, மின்புலத்தைக் காந்தப்புலத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். இரண்டாம் படி: காந்தப்புலத்தை நிறுத்தி மின்புலத்தால் மட்டும் எவ்வளவு வளைகிறது என்று அளந்தால், மின்சுமைக்கும் நிறைக்கும் உள்ள விகிதம் வரும். இன்றைய மதிப்பு கிலோவுக்கு 1.76 × 10¹¹ கூலும். ஹைட்ரஜன் அயனிக்கு உள்ளதைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு என்று தாம்சனுக்குக் கிடைத்தது, இன்று 1836 என்கிறோம். மடங்கின் துல்லியத்தைவிட முக்கியமானது வேறு: குழாயில் எந்த வாயு இருந்தாலும், மின்முனை எந்த உலோகமானாலும் அதே விகிதம். அப்படியானால் இது எல்லா அணுவுக்குள்ளும் உள்ள பொதுச் சரக்கு. இதைத்தான் எலக்ட்ரான் என்கிறோம்.

இதைச் செய்து காட்ட ஆசைப்பட்டுப் பழைய படக்குழாய் டிவியைத் திறக்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும், கண்ணாடி உடைந்தால் உள்ளிழுத்து வெடிக்கும். பள்ளியில் பழைய படக்குழாய் ஆசிலாஸ்கோப் இருந்தால் திரையில் ஒரு புள்ளியை மங்கலாக நிறுத்திவிட்டு, பெட்டிக்கு வெளியே பக்கவாட்டில் சட்டக்காந்தத்தைக் கொண்டுபோங்கள். புள்ளி நகரும், காந்தத்தைத் திருப்பினால் எதிர்த்திசையில் நகரும். புள்ளியைப் பிரகாசமாக ஒரே இடத்தில் வைத்தால் திரைப்பூச்சு கருகிவிடும்.

தாம்சனின் அணுவுக்குச் சொல்லும் தர்பூசணி உவமையில் (சதை நேர்மின்சுமை, விதைகள் எலக்ட்ரான்கள்) ஒரு திருத்தம் தேவை. எலக்ட்ரான்கள் விதைகள் போல அசையாமல் பதிந்திருக்கின்றன என்றுதான் மாணவர் எடுத்துக்கொள்கிறார்கள். 1904இல் தாம்சன் எழுதிய கட்டுரையில் நேர்மின் கோளத்துக்குள் எலக்ட்ரான்கள் வளையம் வளையமாகச் சுழல்கின்றன. எத்தனை எலக்ட்ரானுக்கு எந்த அடுக்கு நிலைத்து நிற்கும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். தேர்வில் தர்பூசணி என்று எழுதலாம், குறையில்லை. அதே 1904இல் ஜப்பானில் நகாவோகா சனிக்கோளும் அதன் வளையமும் போன்ற ஒரு மாதிரியை முன்வைத்தார். மையத்தில் கனமான ஒன்று என்ற எண்ணம் ரூதர்ஃபோர்டுக்கு முன்பே உலவியது. அதை மெய்ப்பிக்கும் அளவீடுதான் இல்லை.

ரூதர்ஃபோர்டு: முதல் சோதனை, ஒளிந்திருக்கும் வடிவம்

கண்ணுக்குத் தெரியாத அணுவின் மேல் துகள்களை ஏவி, அவை எப்படித் திரும்பின என்பதிலிருந்து உள்ளே என்ன இருக்கிறது என்று ரூதர்ஃபோர்டு கண்டார். இரண்டு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். மற்ற எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள்.

2 செ.மீ. கனமுள்ள மரத்தில் 8 முதல் 10 செ.மீ. அகலமுள்ள வட்டம், சதுரம், முக்கோணம் ஆகியவற்றை வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு பலகையின் அடியில் நடுவில் ஒட்டி, பலகையைத் தரையில் கவிழ்த்து வையுங்கள். பலகை அந்த வடிவத்தின் மேலேயே நிற்க வேண்டும். கோலிக்குண்டு சாதாரணமாக 1.6 செ.மீ. விட்டம் இருக்கும், ஆகவே 2 செ.மீ. இடைவெளியில் தடையின்றி ஓடும். பலகையின் மேல் வெள்ளைத்தாளை ஒட்டுங்கள். நான்கு பக்கமும் 2 செ.மீ.க்கு ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டிலிருந்தும் குண்டை நேராக உருட்டி, அது எங்கே வெளிவருகிறது என்று பார்த்து, உள்ளே போன பாதையையும் வெளியே வந்த பாதையையும் தாளில் பென்சிலால் வரைய வேண்டும். வடிவத்தின் மேல் போகாத குண்டு நேராகப் போகும், மற்றது திரும்பும். கோடுகளை நீட்டினால் நடுவில் வடிவம் தானே தெரியும்.

என்னென்ன சறுக்கும்? குண்டை மெதுவாக விட்டால் தரையின் சாய்வில் வளைந்து போகும். மொசைக் தரையில்கூட லேசான சாய்வு இருக்கும். 30 செ.மீ. பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து, ஒரு முனையை 5 செ.மீ. உயர்த்திச் சறுக்குப் பலகையாக வைத்தால் வேகம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கும். மரத்துக்குப் பதில் தெர்மாகோல் வைத்தால் குண்டின் அடியை வாங்கி அமுங்கும், திரும்பும் கோணம் பிசகும். ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு உருட்டலோடு நிறுத்தினால் முக்கோணத்துக்கும் வட்டத்துக்கும் வேறுபாடு தெரியாது. சந்தேகமான இடத்தில் மட்டும் 1 செ.மீ. இடைவெளியில் மறுபடி உருட்டச் சொல்லுங்கள்.

கடைசியில் பலகையைத் தூக்கிக் காட்டும்படி மாணவர் கெஞ்சுவார்கள். காட்டாதீர்கள். ரூதர்ஃபோர்டுக்கு யாரும் தூக்கிக் காட்டவில்லை. பக்கத்துக் குழுவின் தாளோடு ஒப்பிட்டு முடிவுக்கு வரட்டும்.

இரண்டாம் சோதனை, பார்க்காமல் விட்டம் காண்பது

முதல் சோதனை வடிவத்தைச் சொன்னது. அணுக்கரு எவ்வளவு சிறியது என்பது எண்ணிக்கையில் இருந்து வந்தது. அதற்கான சோதனை இது.

இரண்டு மரச்சட்டங்களையும் தரையில் இணையாக, 60 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். இடையில் 6 கோலிக்குண்டுகளைக் குறுக்கே ஒரே வரிசையில் நிறுத்துங்கள். ஓடாமல் இருக்க அடியில் கடுகளவு மெழுகு போதும். அடுத்தடுத்த குண்டுகளின் மையங்களுக்கிடையே 6 செ.மீ.யாவது வேண்டும், ஓரக்குண்டும் சட்டமும் 4 செ.மீ.க்குக் குறையாமல் தள்ளி இருக்கட்டும். ஒரு மீட்டர் தொலைவிலிருந்து, குறிபார்க்காமல், இடம் மாற்றி மாற்றி அதே அளவுள்ள குண்டை 200 முறை உருட்டுங்கள். பட்டதா, படவில்லையா என்பதை மட்டும் குறிக்க வேண்டும்.

ஓடும் குண்டின் மையம், நிற்கும் குண்டின் மையத்திலிருந்து ஒரு விட்டத்துக்குள் வந்தால் மோதும். இடப்பக்கம் ஒரு விட்டம், வலப்பக்கம் ஒரு விட்டம். ஆக ஒவ்வொரு குண்டும் இரண்டு விட்ட அகலத்தை மறிக்கிறது. எனவே,

விட்டம் = (பட்டவை ÷ மொத்தம்) × அகலம் ÷ (2 × நிற்கும் குண்டுகள்)

1.6 செ.மீ. குண்டானால் 200இல் 64 முறை படும் என்று எதிர்பார்க்கலாம். கூடக்குறைய 7 வேறுபடுவது இயல்பு. அதாவது விடை பத்து சதவீதம் முன்பின் இருக்கும். 50 முறை மட்டும் உருட்டினால் பிழை இருபது சதவீதமாகிவிடும். இதைப் பிறகு நூலளவியால் அளந்து சரிபார்க்கலாம். ரூதர்ஃபோர்டுக்குக் கிடைக்காத வசதி அது.

விடை பெரிதாக வந்தால் மாணவர் குறிபார்த்து அடிக்கிறார்கள் என்று பொருள். கண்ணைக் கட்டுவதைவிட, நிற்கும் குண்டுகளுக்கு முன்னே ஒரு செய்தித்தாளைத் திரையாகத் தொங்கவிட்டு அடியில் 3 செ.மீ. இடைவெளி விடுவது நல்லது. நிற்கும் குண்டுகள் 3.2 செ.மீ.க்கும் நெருக்கமாக இருந்தால் அவை மறிக்கும் அகலங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும், விடை சிறுக்கும். ஒரே உருட்டலில் இரண்டு குண்டில் பட்டாலும் அது ஒன்றுதான். இன்னொரு நுணுக்கம்: சட்டத்துக்கு அரை விட்டம் வரைதான் ஓடும் குண்டின் மையம் போக முடியும், ஆகவே உண்மையான அகலம் 60 அல்ல, 58.4 செ.மீ. பதினொன்றாம் வகுப்பில் இந்தத் திருத்தத்தையும் கேட்கலாம்.

இனி மான்செஸ்டருக்குப் போகலாம். 1909இல் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் கைகரும் மார்ஸ்டெனும் ரேடியத்திலிருந்து வரும் வீரியமான ஆல்பா துகள் (நேர்மின்சுமை கொண்ட ஹீலியக் கரு) மூலத்தை வைத்து, உலோகத்தகட்டில் பட்டுத் திரும்பும் துகள்களை எண்ணினார்கள். இருட்டறையில் துத்தநாக சல்பைடு திரையில் மினுக்கும் ஒளிப்பொட்டுகளை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணும் வேலை. பிளாட்டினத் தகட்டில் சுமார் 8000இல் ஒன்று திரும்பியது. 0.00004 செ.மீ. தங்கத் தகட்டில் சராசரியாக 90 டிகிரி திரும்பியது 20,000இல் ஒன்று. அந்தத் தகட்டிலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட அணு அடுக்குகள் இருக்கும்.

தர்பூசணி ஏன் செத்தது என்று காட்ட ஒரு கணக்கு. தங்கத்தின் 79 அலகு நேர்மின்சுமை முழு அணுவிலும், அதாவது 0.144 நானோமீட்டர் ஆரத்தில், பரவியிருந்தால், 7.7 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலின் அலகு) ஆல்பா துகளை ஓர் அணு ஏறத்தாழ 0.01 டிகிரிதான் திருப்பும். ஆயிரம் அடுக்கிலும் சின்னச்சின்னத் திருப்பங்கள் சேர்ந்தாலும் அவை இடமும் வலமுமாக விழுந்து பெரும்பாலும் கழிந்துபோகும். 90 டிகிரி எட்டாது. அதே மின்சுமை ஒரே புள்ளியில் குவிந்திருந்தால், நேராக மோத வரும் ஆல்பா 3 × 10⁻¹⁴ மீட்டர் வரை நெருங்கி நின்று, வந்த வழியே திரும்பும். 1911இல் ரூதர்ஃபோர்டு எழுதியது இதைத்தான். மையத்தின் மின்சுமை நேரா எதிரா என்பதைக்கூட அந்தக் கட்டுரை திறந்தே விட்டது. கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். எலக்ட்ரான்கள் கோள்கள் போலச் சுற்றும் அழகான படம் அதில் இல்லை.

கோலிக்குண்டு சோதனை இங்கே பொய் சொல்லும் இடத்தையும் சொல்லிவிடுங்கள். குண்டுகள் தொட்டால்தான் திரும்பும், ஆல்பா தொடாமலே தூரத்திலிருந்து விலக்கப்படுகிறது. அதனால் சின்னக் கோணத்தில் திரும்புபவை மிக அதிகம், பெரிய கோணத்தில் மிகக் குறைவு: பாதிக் கோணத்தின் சைனை நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, அதன் தலைகீழியை எடுத்தால் எண்ணிக்கை விகிதம் வரும். 60 டிகிரியையும் 120 டிகிரியையும் மாணவர் ஒப்பிடட்டும்: 16க்கு 1.78, அதாவது ஒன்பது மடங்கு. கைகரும் மார்ஸ்டெனும் 1913இல் 5 முதல் 150 டிகிரி வரை எண்ணி இந்த விதியைச் சரிபார்த்தார்கள்.

அளவுத்திட்டத்தில் எல்லாப் புத்தகப் படமும் தப்பு. தங்கத்தின் கருவைக் கோலிக்குண்டாக வைத்தால் அணு 320 மீட்டர் அகலம். பள்ளி மைதானத்தின் நடுவில் ஒரு குண்டை வைத்துவிட்டு, 160 மீட்டர் தள்ளி ஒரு மாணவரை நிறுத்திக் காட்டுங்கள். மைதானம் பத்தவில்லை என்றால் கடுகை வையுங்கள்: 2 மில்லிமீட்டர் கடுகுக்கு 20 மீட்டர் ஆரம்.

போர்: சிடியும் பின்னங்களும்

ரூதர்ஃபோர்டின் அணுவில் எலக்ட்ரான் சுற்றினால், அன்றைய மின்காந்தவியல்படி அது ஒளியை உமிழ்ந்து, 10⁻¹¹ நொடி அளவில் கருவுக்குள் விழுந்துவிட வேண்டும். அத்தோடு ஒளி எல்லா நிறத்திலும் வர வேண்டும். வருவதோ தனித்தனிக் கோடுகள். அதைக் கண்ணால் பார்க்கலாம்.

பதிவு செய்யும் சிடியின் பெயர் எழுதும் பக்கத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, அகலமான ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி இழுங்கள். வெள்ளிப் படலம் உரிந்து வரும். கடையில் பாட்டு போட்டு விற்ற அச்சுச் சிடியில் இவ்வளவு எளிதாக உரியாது. டிவிடியும் வேண்டாம், அதன் படலம் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருக்கிறது. மிஞ்சும் தெளிந்த வட்டில் மில்லிமீட்டருக்கு 625 வரி, அதாவது வரிக்கு வரி 1600 நானோமீட்டர். நாடாவின் பசை ஒட்டியிருந்தால் துடைக்காதீர்கள், வேறு பகுதியைப் பயன்படுத்துங்கள்.

கறுப்பு அட்டையில் 1 மில்லிமீட்டர் அகலச் செங்குத்துப் பிளவு வெட்டி, சிஎஃப்எல் பல்புக்கு முன்னால் நிறுத்துங்கள். பிளவின் பக்கவாட்டில் மீட்டர் அளவுகோலைக் கிடையாக வையுங்கள், பிளவு பூஜ்யத்தில் இருக்கட்டும். சரியாக 100 செ.மீ. தள்ளி, சிடியைக் கண்ணுக்கு அருகில் பிடித்து, மையத் துளைக்கு நேர் இடப்பக்கமோ வலப்பக்கமோ உள்ள ஓரப்பகுதி வழியாகப் பிளவைப் பாருங்கள். அங்கேதான் வரிகள் செங்குத்தாக இருக்கும். அறை இருட்டாக இருக்க வேண்டும், அளவுகோலின் மேல் மட்டும் கைபேசி வெளிச்சம் லேசாக விழலாம். பிளவின் நிறப் பிம்பங்கள் அளவுகோலின் மேல் மிதப்பது போலத் தெரியும். பல்பில் உள்ள பாதரசத்தின் நீலக் கோடு 28.3 செ.மீ.யிலும் பச்சை 36.3 செ.மீ.யிலும் விழ வேண்டும். முறையே 435.8, 546.1 நானோமீட்டர்.

அலைநீளம் = வரி இடைவெளி × அளவுகோல் தூரம் ÷ √(அளவுகோல் தூரத்தின் வர்க்கம் + 100இன் வர்க்கம்)

பச்சைக் கோட்டை வைத்து வரி இடைவெளியை முதலில் திருத்திக்கொண்டால் மற்றவை சில நானோமீட்டருக்குள் வந்துவிடும். உப்புநீரில் நனைத்த கம்பியை ஸ்பிரிட் விளக்கில் காட்டினால் சோடியத்தின் மஞ்சள் 39.6 செ.மீ.யில் தெரியும், அலைநீளம் 589. கோடுகள் மங்கி விரிந்தால் பிளவு அகலம் என்று பொருள். கோடு சாய்ந்தால் சிடியின் தவறான பகுதி வழியாகப் பார்க்கிறீர்கள். இடப்பக்கத் தூரமும் வலப்பக்கத் தூரமும் வேறுபட்டால் சிடி திரும்பியிருக்கிறது, சராசரி எடுங்கள். சிஎஃப்எல்லில் தெரியும் சிவப்பு பாதரசத்தினுடையது அல்ல, பூச்சில் உள்ள யூரோப்பியத்தினுடையது. வெள்ளை எல்இடி பல்பில் கோடு தெரியாது. நீலத்தில் ஒரு மேடும் மற்றபடி தொடர்ச்சியான பட்டையும்தான். சூரியனை இதன் வழியாகப் பார்க்கவே கூடாது. சிஎஃப்எல் உடைந்தால் உள்ளே பாதரசம் உண்டு, சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள்.

அடுத்து ஹைட்ரஜன். பள்ளியில் ஹைட்ரஜன் குழாய் இல்லாவிட்டால் அதன் நான்கு கோடுகளின் அலைநீளங்களை, நானோமீட்டரில், கொடுத்துவிடலாம்: 656.3, 486.1, 434.0, 410.2. ஒவ்வொன்றையும் 364.56ஆல் வகுக்கட்டும். 1.800, 1.333, 1.190, 1.125 வரும். பின்னமாக எழுதினால் 9/5, 4/3, 25/21, 9/8. இரண்டாவதையும் நான்காவதையும் 16/12, 36/32 என்று மாற்றினால் வகுப்பில் யாராவது ஒருவர் "மேலே எல்லாம் வர்க்கம் சார்!" என்று கத்துவார். கீழே எல்லாம் மேலுள்ளதைவிட நான்கு குறைவு. 1885இல் பாசல் நகரில் பெண்கள் பள்ளி ஆசிரியராக இருந்த யோஹான் பால்மர் கண்ட ஒழுங்கு இதுதான். ஏன் அப்படி என்பதற்கு 28 ஆண்டு யாரிடமும் விடை இல்லை.

1913இல் நீல்ஸ் போர், எலக்ட்ரானுக்குக் குறிப்பிட்ட ஆற்றல் படிகள் மட்டுமே உண்டு, படி இறங்கும்போது ஒளி வரும் என்றார். படிகள், எலக்ட்ரான்வோல்ட்டில்: −13.6, −3.40, −1.51, −0.85, −0.544, −0.378. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் 1.89, 1240ஐ (ஆற்றலை அலைநீளமாக மாற்றும் எண்) அதால் வகுத்தால் 656 நானோமீட்டர். மற்ற மூன்றையும் மாணவரே போடட்டும். −1.51ஐ −1.5 என்று முழுமையாக்கினால் 653 வந்துவிடும். "சார், தப்பா வருது" என்று வருபவர்களில் பாதிப் பேர் செய்த பிழை அதுதான்.

போரின் மாதிரி ஓர் எலக்ட்ரானோடு நின்றுவிடுகிறது. ஓர் எலக்ட்ரானை இழந்த ஹீலியத்துக்கு இந்த ஆற்றல் எண்களை நான்கால் பெருக்கினால் கோடுகள் பொருந்துகின்றன. நான்குக்குப் பதில் 4.0016 என்று அளவீடு சொன்னபோது, கருவும் லேசாக அசைகிறது என்று கணக்கிட்டு அந்த வேறுபாட்டையும் போர் விளக்கினார். முழு ஹீலியத்தில் இரண்டு எலக்ட்ரான்; ஒன்றைப் பிடுங்க 24.6 எலக்ட்ரான்வோல்ட் தேவை. அந்த எண்ணை வட்டப்பாதைகளால் வரவழைக்க முடியவில்லை. சோமர்ஃபெல்டு 1916இல் நீள்வட்டங்களைச் சேர்த்தார், ஹைட்ரஜன் கோடுகளின் நுண்பிளவு விளங்கியது, ஹீலியம் மசியவில்லை.

அலை, கார்பன் தாள், மேகம்

1924இல் பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி தி ப்ராய் எலக்ட்ரானுக்கும் அலைநீளம் உண்டு என்றார். ஒரு வரிக் கணக்கு: போரின் முதல் வட்டத்தின் ஆரம் 0.0529 நானோமீட்டர், சுற்றளவு 0.332. அங்கே எலக்ட்ரானின் வேகம் நொடிக்கு 2.19 × 10⁶ மீட்டர். அதன் அலைநீளம் 0.332 நானோமீட்டர். 1927இல் அமெரிக்காவில் டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் படிகத்திலும், ஸ்காட்லாந்தில் ஜி. பி. தாம்சன் மெல்லிய தகட்டிலும் எலக்ட்ரான் விளிம்பு விளைவைக் கண்டார்கள். இந்த ஜி. பி. தாம்சன், ஜே. ஜே. தாம்சனின் மகன். எலக்ட்ரானைத் துகளாகக் காட்டிய அப்பாவுக்கு 1906இல் நோபல், அலையாகக் காட்டிய மகனுக்கு 1937இல்.

1926இல் ஷ்ரோடிங்கரின் சமன்பாடும் அதற்கு மாக்ஸ் போர்ன் தந்த நிகழ்தகவு விளக்கமும் வந்தபின் பாதை என்ற சொல்லே போய்விட்டது, எலக்ட்ரான் எங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதே மிஞ்சியது. இங்கேதான் மாணவர் அதிகம் தடுமாறுவார்கள்: "எலக்ட்ரான் அடர்த்தி கருவில்தான் அதிகம் என்கிறீர்கள், ஆனால் எலக்ட்ரான் 0.0529 தூரத்தில் இருக்க வாய்ப்பு அதிகம் என்றும் சொல்கிறீர்களே?" இரண்டும் உண்மை. இதைத் தெளிவாக்க ஒரு சோதனை.

வெள்ளைத்தாளில் கவராயத்தால் 1, 2, 3... 10 செ.மீ. ஆர வட்டங்கள் வரையுங்கள். அதன்மேல் கார்பன் தாளை மைப்பக்கம் கீழாக வைத்து, மேலே இன்னொரு தாள். மேல்தாளில் மையத்தைக் குறித்து, 1.5 மீட்டர் உயரத்திலிருந்து அதைக் குறிபார்த்துக் கோலிக்குண்டை 100 முறை போடுங்கள். துள்ளி இரண்டாம் முறை விழும் முன் பிடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பொய்ப்புள்ளி விழும். கீழே செய்தித்தாள் மடிப்பு வைத்தால் துள்ளல் குறையும், புள்ளியும் மங்கும். இரண்டு மூன்று தாளுக்கு மேல் வேண்டாம்.

வளையத்துக்கு எத்தனை புள்ளி என்று எண்ணுங்கள். சிதறல் 3 செ.மீ. அளவில் இருந்தால் கணக்குப்படி எதிர்பார்க்க வேண்டியது, உள்ளிருந்து வெளியே: 5, 15, 19, 20, 16, 11, 7, 4. உச்சம் மூன்றாவது நான்காவது வளையத்தில். முழு எண்ணாக்கும் முன்புள்ள இதே எண்களை வளையத்தின் பரப்பால் (3.1, 9.4, 15.7, 22.0, 28.3 சதுர செ.மீ.) வகுத்தால் 1.7, 1.5, 1.2, 0.9, 0.6. உச்சம் மையத்தில். மையத்தில் அடர்த்தி அதிகம், ஆனால் இடம் குறைவு. வெளியே அடர்த்தி குறைவு, இடம் அதிகம். உங்கள் எண்கள் மையத்தைவிட்டு ஒரே பக்கம் சாய்ந்தால் போடுபவரின் கை சாய்கிறது, ஆள் மாற்றுங்கள்.

அணு முப்பரிமாணம், ஆகவே வளையங்களுக்குப் பதில் ஓடுகள். சம கனமுள்ள ஓடுகளின் பருமன் விகிதம் 1, 7, 19, 37 என்று வேகமாக ஏறும். ஹைட்ரஜனின் அடிநிலைக்கு உண்மையான எண்கள் இவை: போர் ஆரத்துக்குள் எலக்ட்ரானைக் காண வாய்ப்பு 32%, ஒன்று முதல் இரண்டு ஆரம் வரை 44%, இரண்டு முதல் மூன்று வரை 18%, மூன்று முதல் நான்கு வரை 5%, அதற்கும் வெளியே 1% சொச்சம். ஒரு ஆரத்துக்கு 2 செ.மீ. என்று எடுத்து, 32, 44, 18, 5, 1 என்று நூறு புள்ளிகளை வெவ்வேறு திசைகளில் வைக்கச் சொன்னால், புத்தகத்தில் உள்ள மேகப்படம் ஏன் விளிம்பில்லாமல் கரைகிறது என்பது கைக்கே தெரியும். முப்பரிமாணத் தூரத்தைத் தட்டையான தாளில் வைப்பதால் தாளில் தெரியும் அடர்த்தி அப்படியே அணுவின் அடர்த்தி ஆகாது. தூரங்களை மட்டும் நம்பலாம். கார்பன் தாளில் விழுந்த குண்டுக்கு விழும் வழி ஒன்று இருந்தது, எலக்ட்ரானுக்கு அதுவும் கிடையாது. இதை மாணவர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.